பாண்டிக்குக் குழந்தைகளோட போகலாமா? கப்பல் ஏறும் முன் ஒரு ஃபேமிலி பிளான்

"பாண்டிக்கா... அதுவும் ஃபேமிலியோடயா?"

பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாராவது குழந்தைகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினால் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பும் இருக்கும். அவரையும் குறை சொல்ல முடியாது. நம்ம ஊரைப் பொறுத்தவரை பாண்டி என்றால் பசங்க கேங்காகப் போகிற இடம், பேச்சிலர் பார்ட்டி, சரக்கு. இந்த லிஸ்ட்டில் குழந்தைகள் எங்கே வருவார்கள்?

ஆனால், சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகு, 'கப்பலுக்கு முன்னாடி ரெண்டு நாள் பாண்டி' என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி சீரியஸான ஒன்று. பதில், போகலாம். ஆனால் எந்த நேரத்தில் எங்கே இருக்கப்போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

கப்பல் எங்கே, நாம எங்கே?

2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்க, கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் இலங்கைக்கும் பயணம் ஆரம்பமானது. இந்தக் கப்பல் வருடம் முழுக்கச் சென்னையில் நிற்காது. இதுவரை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் நம் பக்கம் வந்திருக்கிறது. அதனால் அந்த வருட அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூல் லீவைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து சென்னை சுமார் 270 கி.மீ. விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சுமார் 150 கி.மீ. அங்கிருந்து ஈ.சி.ஆரில் சென்னை இன்னொரு 150 கி.மீ. சொச்சம். மொத்தத்தில் சுற்று அதிகமில்லை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ் அல்லது கார்தான். அரியலூர்க்காரர்கள் கார்டு லைன் ரயிலில் விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

காரில் போகிறவர்களுக்கு இன்னொரு ரூட் இருக்கிறது. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், கடலூர் வழியாகப் பாண்டி. கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால், கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரைக் காட்டிவிட்டு, 'அவங்க போன கடல்லதான் நாமளும் போகப்போறோம்' என்று சொன்னால், பின்சீட்டில் மொபைல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்.

கடைசி ராத்திரி பாண்டியில் வேண்டாம்

இந்த பிளானில் பலர் சறுக்குகிற இடம் இது. கப்பல் ஏறும் நாளின் காலையில் பாண்டியிலிருந்து கிளம்பினால் போதும் என்று நினைப்பார்கள். கூகுள் மேப் மூன்றரை மணி நேரம் என்று காட்டும். ஆனால் கப்பல், பஸ் மாதிரி இல்லை. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே செக்-இன் மூடப்பட்டுவிடும். துறைமுக நுழைவாயில், பாதுகாப்புச் சோதனை, வெளிநாட்டுப் பயணம் என்றால் இமிக்ரேஷன் என ஒவ்வொன்றிலும் வரிசை. துறைமுகத்திலிருந்து வெளியேற ஒதுக்கிய நேரம் வந்துவிட்டால், ஒரு குடும்பத்துக்காகக் கப்பல் காத்திருக்காது. அந்த நேரம் பார்த்து ஈ.சி.ஆரில் ஒரு டயர் பஞ்சரானால், மொத்தப் பணமும் கடலோடு போயிற்று.

அதனால் கணக்கு இதுதான்: பாண்டியில் ஒன்றரை நாள். கப்பலுக்கு முந்தின நாள் மதியமே கிளம்பி, இருட்டுவதற்குள் சென்னை. அன்றிரவு சென்னையில் தூக்கம். மறுநாள் காலை நிதானமாகத் துறைமுகம்.

பாண்டியின் இரண்டு ஷிஃப்ட்

பாண்டியைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, அதை ரெண்டு ஷிஃப்ட்டாகப் பிரிப்பது. காலை 6 முதல் மாலை 7.30 வரை குழந்தைகள் ஷிஃப்ட். அதற்குப் பிறகு பெரியவர்கள் ஷிஃப்ட். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை இரண்டாவது ஷிஃப்ட் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். சென்னை, பெங்களூரு கூட்டம் மொத்தமும் அப்போது அங்கேதான். அறை வாடகையும் ஏறும். முடிந்தவரை திங்கள் முதல் வியாழன் வரை வருகிற மாதிரி தேதி பாருங்கள்.

காலையில் கடற்கரைச் சாலை. மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால், விடிந்ததும் போனால் சாலை முழுக்கக் குழந்தைகளுக்குத்தான். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பி போலீஸ் எல்லாம் ஒரே நடையில் முடியும். ஒரே எச்சரிக்கை: அந்தப் பாறைக் கரை குளிப்பதற்கான இடம் இல்லை. கால் நனைக்கக்கூட இறக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் பாரதி பூங்கா, பக்கத்திலேயே அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரம் வழியாக வந்திருந்தால், கப்பல் கதையின் அடுத்த எபிசோட் இது. 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் வீடும் நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அவர் பாட்டைப் படித்த பிள்ளைக்கு அந்த வாசல்படி வேற லெவல்!

1826-ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், சுண்ணாம்பாறு படகுத் துறையும் இரண்டாம் நாளுக்கு. படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.

போய் நின்று ஏமாறாமல் இருக்க ரெண்டு விஷயம். அரவிந்தர் ஆசிரமத்தில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளறைக்கு 10 வயது ஆகியிருக்க வேண்டும். வெளியே இருக்கும் பார்வை முனையிலிருந்து எல்லோரும் பார்க்கலாம்.

ரூம் போடும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி

'ஏசி இருக்கா, வைஃபை இருக்கா' என்பதற்கு முன்னால், 'உங்க ஹோட்டல்ல பார் இருக்கா?' என்று கேளுங்கள். கீழ்த்தளத்தில் பார், மாடியில் அறைகள் என்ற அமைப்பு பாண்டியில் சகஜம். ராத்திரி சத்தம், லிஃப்ட்டில் நெடி என்று குழந்தையும் அம்மாவும்தான் அவதிப்படுவார்கள். பெரிய பார்களும் பஸ் ஸ்டாண்டும் நெருங்கியிருக்கும் பகுதியைத் தவிர்த்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. இரவுச் சாப்பாட்டை 7.30-க்குள் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டால் மீதியும் தீர்ந்தது.

வாடகை ஸ்கூட்டர் எடுத்தால், 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

'அந்த மாமா ஏன் அப்படி நடக்கிறார்?'

எவ்வளவு பிளான் பண்ணினாலும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கண்ணை மூடி இழுத்துக்கொண்டு போவதால் பயன் இல்லை. டாஸ்மாக் போர்டை நம்ம ஊர்ப் பிள்ளைகளும் பார்த்துத்தான் வளர்கிறார்கள். சிலர் அதை வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார்கள். 'அவர் குடிச்சிருக்கார், அதனால நடை தடுமாறுது. நாம கொஞ்சம் தள்ளிப் போகலாம்' என்று உள்ளதைச் சொன்னால் போதும். சிரித்துக் காட்டி அதைக் காமெடியாக்க வேண்டாம். பயமுறுத்தவும் வேண்டாம்.

டீன் ஏஜ் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் விளக்கலாம். மது வாங்கும் வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது, உடம்பு மாறுவதில்லை. இதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அப்பாக்களின் கவனத்துக்கு...

குடும்பத்தோடு பாண்டி போய் மனம் கசந்து திரும்புகிறவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஊரைப் பற்றிய புகாராக இருக்காது. 'நீங்க தூங்குங்க, ஒரு அரை மணி நேரத்துல வந்துடுறேன்' என்று கிளம்பிய ஒருவரைப் பற்றியதாக இருக்கும். புது ஊர், தெரியாத லாட்ஜ், கதவைப் பூட்டிக்கொண்டு குழந்தைகளோடு காத்திருக்கும் அம்மா. மறுநாள் காலை எட்டு மணிவரை எழ முடியாத அப்பா. குழந்தைகள் ஷிஃப்ட் மொத்தமும் போச்சு. கடற்கரைச் சாலையும் போட்டிங்கும் இந்த ஒரு ராத்திரியை ஈடுகட்டாது. அந்த இரவு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.

'சும்மா ரெண்டு பாட்டில்' என்று வண்டியில் வைத்துக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். செக்போஸ்ட்டில் குழந்தைகள் கண்முன்னால் டிக்கியைத் திறந்து காட்டும் நிலை வேண்டுமா? தப்பித்தவறி வந்தாலும், வெளி மதுவைச் சொகுசுக் கப்பல்கள் பொதுவாக உள்ளே அனுமதிப்பதில்லை.

கப்பலிலும் கேசினோ உண்டு

பாண்டியைத் தாண்டிவிட்டால் எல்லாம் சேஃப் என்று நினைக்க வேண்டாம். கப்பலில் பாரும் உண்டு, கேசினோவும் உண்டு. 2022-ல் இந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வர அனுமதி கிடைக்காமல் போனதே சூதாட்ட எதிர்ப்பால்தான். 'சரக்கு ஊர்' என்று நாம் கிண்டலடிக்கும் பாண்டியே, ஒரு கப்பலைப் பார்த்துத் தயங்கியது! பிறகு 2025 ஜூலையில், எதிர்ப்புகளுக்கு நடுவே, அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது.

அதே கப்பலில் நீச்சல்குளமும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருக்கின்றன. எனவே பாண்டியில் பழகிய ஷிஃப்ட் கணக்கை அங்கேயும் தொடரலாம். பாண்டி ஒருவகையில் ரிகர்சல்.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* பயணத்தில் இலங்கை இருந்தால் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். இரு மாவட்டங்களுக்கும் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம்தான். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் பழையதில் தேதி பாருங்கள்.

* உள்நாட்டுப் பயணம் என்றாலும் ஒவ்வொருவருக்கும் ஒரிஜினல் அடையாள அட்டை.

* கைக்குழந்தை என்றால் வயது வரம்பைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் ஏற்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் வார வரம்பு உண்டு.

* கடல் குமட்டல் சிறுவர்களுக்கு அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அறை போடும்போதே கேட்டு வாங்குங்கள். மாத்திரையை ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

* பாண்டியில் கடைசி நாள் புதுச் சாப்பாட்டை ட்ரை பண்ண வேண்டாம். வயிறு கெட்டால் கப்பல் பயணம் கஷ்டம்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. ஆனால், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணின் பெரும்பகுதி கடலுக்கு அடியில்தான் இருந்தது. காரையிலும் அரியலூரைச் சுற்றியும் கிடைக்கும் கிளிஞ்சல் படிவங்களே அதற்குச் சாட்சி. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தை முந்தின ஞாயிறே ஒரு எட்டு காட்டிவிடுங்கள். அதுதான் இந்தப் பயணத்தின் நிஜமான முதல் ஸ்டாப்.