தோட்டமும் பள்ளிக்கூடமே

கிராமப் பள்ளிக்கூடங்களில் கல்விச் சுற்றுலா என்றொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. விடியற்காலையில் பஸ் புறப்படுகிறது; கடற்கரை, மிருகக்காட்சிசாலை, ஒரு கோயில், ஒரு கடைத்தெரு; நள்ளிரவில் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. குழந்தைகளுக்குச் சந்தோஷமும் வேண்டியதே. ஆனால் கல்வி என்று பெயர் சூட்டிய பின், அதில் கல்வி எவ்வளவு என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஏரிக்கரைக் கிராமங்களின் பிள்ளைகளைக் கோயம்புத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலையின் தாவரத் தோட்டத்துக்கு ஒரு முறையேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், செலவும் அதிகந்தான். காரணங்களைக் கேட்டபின் நேயர்கள் தீர்மானிக்கட்டும்.

அந்த ஸ்தாபனம் நமக்கு அந்நியமானதன்று. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிக்கூடமே அதன் வித்து. சைதாப்பேட்டை அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் அந்த ஜில்லாவின் ஒரு பகுதியே. 1906-ல் அந்த நாற்றைப் பிடுங்கிக் கோயம்புத்தூரில் நட்டார்கள். 1971-ல் அது சர்வகலாசாலையாயிற்று. நம் பக்கத்து நாற்றங்காலில் முளைத்த பயிர் எவ்விதம் விளைந்திருக்கிறதென்று போய்ப் பார்ப்பது நியாயந்தானே?

தாவரத் தோட்டமென்றால் பூச்செடி வைத்து அழகு பார்க்குமிடம் என்று பலரும் எண்ணுகிறார்கள். 1545-ல் இத்தாலி தேசத்துப் பதுவா சர்வகலாசாலையில் அத்தகைய தோட்டம் ஏற்பட்டதன் காரணம் வேறு. வைத்தியம் பயிலும் மாணாக்கர் மெய்யான மூலிகையையும் போலியையும் கண்ணால் கண்டு பிரித்தறிய வேண்டும் என்பதே நோக்கம். அதாவது, தோட்டமே வகுப்பறை. கும்பினியார் 1787-ல் கல்கத்தாவில் அமைத்த தோட்டமோ வியாபாரக் கணக்கில் பிறந்தது. எந்தச் செடி கஜானாவை நிரப்பும் என்பதே அங்கு முதற்கேள்வி. சர்வகலாசாலைத் தோட்டம் பதுவாவின் வழியைச் சேர்ந்ததாய் இருக்கவேண்டுமேயன்றி, கும்பினியின் வழியை அன்று.

ஒரு புல்லின் கதையைச் சொல்கிறோம். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் நாணல் மண்டிக் கிடப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது, பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் நம்மவரான டி. எஸ். வெங்கடராமனும் அந்த நாணலை எடுத்து, ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்போடு கலப்புச் செய்தார்கள். இனிப்பில்லாத புல்லை இனிப்புக் கரும்போடு சேர்ப்பதாவது என்று தோன்றலாம். ஆனால் வெப்பமும் குளிரும் பூச்சியும் தாங்கும் உறுதி அந்தப் புல்லிடத்தில்தான் இருந்தது. அவ்வாறு பிறந்த ‘கோ 205’ 1918-ல் வெளிவந்து, பாஞ்சாலம் முதலிய வட பிரதேசங்களில் பரவிற்று. கோயம்புத்தூருக்குப் போகும் மாணாக்கன் இந்த ஒரு விஷயத்தை அறிந்து திரும்பினாலும் போதும். தன் ஊர்க் கரையிலுள்ள நாணலை அதன்பின் வேறு கண்ணோடு பார்ப்பான்.

இனி, தோட்டத்திலுள்ள பெயர்ப் பலகைகளைப் பற்றி. லத்தீன் பெயரைக் கண்டதும் கிராமத்துப் பிள்ளை மிரளுகிறான். ‘மோரிங்கா’ என்பது நம் முருங்கையே என்றும், ‘பொங்காமியா’ என்பது நம் புங்கமே என்றும் அவனுக்கு யார் சொல்வது? தன் பாட்டியின் வாயில் வழங்கும் சொல்லையே உலகத்துச் சாஸ்திரிகள் கடன் வாங்கியிருக்கிறார்களென்று அறிந்தால் அவன் நெஞ்சு நிமிராதா? எந்தத் தோட்டமாயினும் பலகையில் தமிழ்ப் பெயரைப் பெரிய எழுத்திலும், லத்தீன் பெயரை அதன் கீழும் எழுதுவதே முறை. தாவரம் பிறந்த தேசத்தையும் ஒரு வரியில் குறித்தல் வேண்டும். வெறும் பெயரைக் காட்டிலும் அந்த ஒரு வரி அதிகம் போதிக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

ஏனெனில், ஏரியின் க்ஷேமமே அதில் அடங்கியிருக்கிறது. கருவேல் நம் மரம். சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. விறகுக்கென்று வரவேற்கப்பட்டு, ஏரி உட்புறங்களையெல்லாம் ஆக்கிரமித்து, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றமே அதை அகற்ற உத்தரவிடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காச் சரக்குத்தான். அழகுச் செடியென்று கொண்டுவந்தவர்கள் தோட்டக்காரர்களே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கரையில் நின்று எது நம்முடையது, எது வந்தேறி என்று பிரித்தறியத் தெரியாத தலைமுறையின் கையில் தென்னேரி போன்ற பெரிய ஏரியை ஒப்படைப்பது எங்ஙனம்?

சுற்றுலாவை நடத்தும் முறையும் மாறவேண்டும். இருநூறு பிள்ளைகளை ஒரே விசிலில் ஓட்டிச் சென்று, புல்தரையில் உட்காரவைத்துச் சாதம் போட்டு, ஒரு படம் பிடித்துக்கொண்டு திரும்புவதில் பிரயோஜனமில்லை. முப்பது பேருக்கு ஒரு விளக்குநர் போதும். பத்துச் செடிகளுக்குமேல் பார்க்க வேண்டியதுமில்லை. ஒவ்வொரு மாணாக்கனும் தன் ஊரிலிருந்து ஓர் இலையைப் பாடம் செய்து கொண்டுபோய், அதன் இனத்தைத் தோட்டத்தில் தேடட்டும். அந்த வளாகத்திலேயே இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென் மண்டல நிலையமும், உலர்ந்த செடிகளைச் சேமிக்கும் ‘மெட்ராஸ் ஹெர்பேரியமும்’ இருக்கின்றன. இலையைப் பாடம் செய்வது பெரியவர்களும் செய்யும் வேலை என்று கண்டால் பிள்ளைக்கு உற்சாகம் பிறக்கும்.

இவையெல்லாம் நமக்குப் புதியவையல்ல. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைத் தேர்தல் முறைக்காகவே எல்லோரும் புகழ்கிறார்கள். நம் அரசியல் நண்பர்களுக்குக் குடவோலை என்றால் பேச்சு நிற்பதில்லை. அந்த ஓலைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் கவனிப்பவர் சிலரே. தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஆண்டு வாரியத்தில் அமர்வதற்கோ, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணிபுரிந்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக்கொண்ட அனுபவம் ஊராட்சிக்குத் தகுதியாக மதிக்கப்பட்டது!

வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும்போது, தென்னேரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நமது ஊழியர்கள் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரலாம். பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை ஓர் ஆசிரியரோடு கோயம்புத்தூருக்கு அனுப்பும் செலவை ஊரார் ஏற்பது ஒன்று. அவர்கள் திரும்பி வந்ததும், ஏரிக்கரையிலுள்ள மரங்களுக்கு அவர்கள் கையாலேயே தமிழில் பெயர்ப் பலகை எழுதிக் கட்டுவது மற்றொன்று. பலகைக்குத் தகரமும் வர்ணமும் வாங்கப் பெரிய தொகை ஆகாது.