திரியும் குதிரையும்: நம் நாட்டுத் துப்பாக்கிகளின் விசையமைப்பு

அரபியில் 'புந்துக்' என்பது ஒருவகைக் கொட்டையின் பெயர். பின்னர் அது வில்லால் எறியப்படும் உருண்டையைக் குறித்தது. முடிவில் துப்பாக்கிக்கே பெயராகி, உருதுவில் 'பந்தூக்' ஆயிற்று. நாம் வழங்கும் 'துப்பாக்கி' துருக்கிய மொழி தந்த சொல். ஆயினும், அதன் உறுப்பொன்றுக்குத் தமிழர் 'குதிரை' எனத் தம் சொல்லையே இட்டனர். குதிரை இயங்கும் விதமே துப்பாக்கியின் வகையை நிர்ணயிக்கிறது.

முகலாயர் காலத்தில் பெருவழக்காயிருந்தது 'தோறாதார்'. திரி உடையது என்பது பொருள். ஐரோப்பியத் திரித் துப்பாக்கியில் விசைப்பொறி பக்கவாட்டுத் தகட்டில் அமையும்; குதிரை சுடுபவரை நோக்கிச் சாயும். இதிலோ பொறி மரக்கட்டையின் உள்ளேயே மறைந்திருக்கும். கீழே நீண்டிருக்கும் தட்டையான விசையை அழுத்தினால், கனன்றுகொண்டிருக்கும் திரியைக் கவ்விய குதிரை முன்னோக்கிச் சாய்ந்து மருந்துக் கிண்ணத்தைத் தொடும். விரலின் அழுத்தமே அதனை இயக்குகிறது. இலங்கைத் துப்பாக்கிகளில் பொறி இடப்புறம் அமைந்திருப்பது மற்றொரு விந்தை.

திரிக்கு இரண்டு குறைகள் உண்டு: மழையில் அணையும், இருளில் காட்டிக்கொடுக்கும். திரியின்றி, குதிரையின் சிறு அசைவாலேயே வெடிக்கும் துப்பாக்கிகள் அக்பரின் ஆட்சியில் செய்யப்பட்டன என்று அபுல் ஃபஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் குறிப்பிடுகிறார். உராய்ந்து பொறி எழுப்பும் சக்கர விசையாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. எனினும் அது பரவவில்லை. காரணம் எளிது. சக்கர விசைக்கு வலிய வில்லும் நுட்பமான பற்சக்கர வேலையும் வேண்டும். திரித் துப்பாக்கியை ஊர்க் கொல்லரே செப்பனிடலாம். பரளச்சி, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் திரியை நனைக்கும் மழையும் குறைவுதானே! தென்பாளையங்களின் போர்களில் திரித் துப்பாக்கி நீடித்ததில் வியப்பில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் இப்பகுதியில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தது. ஆயுதத்தோடு அதைச் செய்யும் கைத்திறனும் மங்கியது.

திப்பு சுல்தானோ சக்கிமுக்கி விசையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே செய்வித்தார். அவருடைய கைத்துப்பாக்கி இணைகள் சிலவற்றில் ஒன்றன் பொறி வலப்புறமும் மற்றதன் பொறி இடப்புறமும் அமைந்து, கண்ணாடிப் பிம்பம்போல் தோன்றும். 1799இல் அவர் வீழ்ந்தபின் அவற்றுள் பல இங்கிலாந்து சென்றன. அவர் வகுத்த மவ்லூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. 1215 என்பது 5121 போலக் காட்சியளிக்கும். அந்த ஆண்டு கி.பி. 1787ஐ ஒட்டியது, ஹிஜ்ரியாகக் கொண்டாலோ 1800ஐத் தாண்டிவிடும், திப்புவின் மறைவுக்கும் பிந்தியதாகிவிடும். இரும்பை ஆராய்பவர் அதன்மேலுள்ள எழுத்தையும் அறிந்தாக வேண்டும். அரபியும் பாரசீகமும் கற்ற நம் மாணவர்களுக்கு அங்கே ஒரு பணி காத்திருக்கிறது.