நாற்பதுக்கு மேல் ஒரு கண்ணாடி

நாற்பது வயதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் பார்வை மாற்றம் வெள்ளெழுத்து. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். கையில் இருக்கும் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி தெரியாது. இது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு விறைத்துப்போவதன் விளைவு.

ஒளியைக் குவிக்கும் கண்ணின் திறன் மொத்தம் 60 டயாப்டர் அளவு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது. ஆனால் கருவிழியின் வளைவு மாறாது. தூரம், கிட்டம் என்று பார்வையை மாற்றித் தருவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான். மெல்லிய இழைகள் அதைச் சுற்றிலும் இருக்கும் சிலியரித் தசையோடு கட்டிவைத்திருக்கின்றன. தூரத்தைப் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். இழைகள் இழுத்துப் பிடிக்க, லென்ஸ் தட்டையாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கத் தசை சுருங்கும், இழைகள் தொய்யும், லென்ஸ் தன் நெகிழ்வால் உப்பிக்கொள்ளும். தசை சுருங்கினால் இழை தொய்வதா என்று கேட்கத் தோன்றும். தசை வளைய வடிவில் இருக்கிறது. சுருங்கினால் வளையமே சிறுத்துவிடுகிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-ல் தந்த விளக்கம் இது. இன்றும் பெரும்பாலானோர் ஏற்பது இதைத்தான்.

லென்ஸ் ஆயுள் முழுக்க வளர்கிறது. வெளிப்புறத்தில் புதிய இழைச் செல்கள் சேர்ந்துகொண்டே இருக்க, பழையவை உதிர வழியின்றி நடுவில் நெருக்குண்டு இறுகுகின்றன. தசை சுருங்கினாலும் லென்ஸ் உப்ப மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கிட்டப் பார்வைக்கென்று ஏறக்குறைய 14 டயாப்டர் கையிருப்பு உண்டு. நாற்பத்தைந்தில் அது 4 அளவுக்கு இறங்கும், அறுபதில் 1-தான் மிஞ்சும். 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். கையிருப்பில் பாதியைத்தான் சிரமமில்லாமல் செலவழிக்க முடியும் என்பது கண் மருத்துவர்களின் கணக்கு. நாற்பத்தைந்தில் ஏன் தலைவலி தொடங்குகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சிறுவயதிலிருந்து லென்ஸ் விறைத்துக்கொண்டே வந்தாலும், தட்டுப்பாடு தெரியும்வரை யாரும் கவனிப்பதில்லை. பிறகு செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிப்பார்கள்; ஊசியில் நூல் கோக்க வாசல் வெளிச்சத்துக்குப் போவார்கள். வெளிச்சத்தில் கண்மணி சிறுத்து, ஒளிக்கற்றை ஒடுங்குவதால் மங்கல் குறைகிறது. அதனால்தான் பகலில் படிக்க முடிந்த பில்லை இரவில் மங்கிய விளக்கடியில் படிக்க முடிவதில்லை.

கண்ணாடியின் வேலை எளியது. லென்ஸ் தராத டயாப்டரைக் குவிலென்ஸ் வெளியிலிருந்து தருகிறது. முதல் கண்ணாடி பெரும்பாலும் +1.00 அளவில் தொடங்கி, கால் கால் புள்ளியாக ஏறி, அறுபதையொட்டி +2.50-ல் ஏறத்தாழ நின்றுவிடும். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் விறைக்கத்தான் செய்யும். இழக்க ஒன்றும் மிஞ்சாத வயதில் பவர் ஏறுவதும் நிற்கும்.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. மைனஸ் கண்ணாடியைக் கழற்றினாலே பலரால் படிக்க முடியும். கழற்றி மாட்ட விரும்பாதவர்களுக்காக வந்தது, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் பிரிந்த பைஃபோகல். பெஞ்சமின் பிராங்க்ளின் 1780-களில் எழுதிய கடிதங்களில் தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கோடு தெரியாத புரோகிரெசிவ் லென்ஸ் 1959-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதில் ஓரங்களில் பார்வை சற்று நெளியும், மாடிப்படி இறங்கும்போது தடுமாற்றம் இருக்கும். சில நாளில் பழகிவிடும்.

நடைபாதையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணாடியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. இரு கண்ணுக்கும் ஒரே பவர் இருப்பவருக்கு அது போதும். ஆனால் கடைக்காரர் கண்ணின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண் அழுத்தத்தோடு தொடர்புடைய க்ளாக்கோமா நோய் வரத் தொடங்கும் வயதும் இதுவே என்பதால் பரிசோதனையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

படிப்பவர்களுக்கான பொருளாகவே இந்தக் கண்ணாடி கருதப்பட்டுவருகிறது. கையால் வேலை செய்வோருக்கு அதன் பயன் இன்னும் கூடுதல் எனலாம். அசாமில் நாற்பது வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து நாளொன்றுக்கு 25 கிலோவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோவாக உயர்ந்தது. கண்ணாடி பெறாதவர்களுக்கும் பறிப்பு கூடியதுதான், ஆனால் 26-லிருந்து 31 அளவுக்கே. மலிவான ஒரு பொருள் தந்த பலன் இது. இருந்தும், உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டோர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமலே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது.

 

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பலர் படிக்கக் கண்ணாடி போடுகிறார்கள். விறைத்த லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் பெரும்பாலும் ஒரே தூரத்துக்கானது. அதைத் தூரப் பார்வைக்குப் பொருத்தினால், கிட்டத்துக்குக் கண்ணாடி தேவைப்படும்.