இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்

உண்ட உணவு தொண்டையைக் கடந்து சென்று தங்கும் உறுப்பு இரைப்பையாகும். அதன் உட்சுவரில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகுந்த வீறுடையது. உணவோடு புகும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அது மாய்த்துவிடும். ஆதலின், இரைப்பையில் நுண்ணுயிர் எதுவும் நிலைத்து வாழ இயலாதென்றே மருத்துவ அறிஞர் நெடுங்காலம் நம்பினர். இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும், கார உணவும், மிகையான அமிலமுமே காரணம் என்றும் கருதினர்.

இக்கருத்தை மாற்றியவர்கள் ஆஸ்திரேலிய நாட்டுப் பெர்த் நகர மருத்துவர் இருவர். 1979-ஆம் ஆண்டில் ராபின் வாரன் என்பார், நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபொழுது, வளைந்த வடிவுடைய பாக்டீரியாக்கள் அதில் மொய்த்திருக்கக் கண்டார். 1981-இல் இளம் மருத்துவராகிய பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். அவ்வுயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இருவரும் முயன்றனர். முப்பதுக்கு மேற்பட்ட முயற்சிகள் வீணாயின. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் அகற்றிவிடுவது அங்கு வழக்கமாயிருந்தது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டமையால் சில தட்டுகள் மேலும் சில நாள் அகற்றப்படாது கிடந்தன. விடுமுறை கழிந்து நோக்கியபொழுது பாக்டீரியாக்கள் செழித்து வளர்ந்திருந்தன!

ஆயினும், உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமிகள் கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாளில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாயின. அவரது இரைப்பை அழற்சியுற்றிருந்தமை சோதனையில் புலனாயிற்று. இவ்வறிஞர் இருவருக்கும் 2005-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இப்பாக்டீரியாவின் பெயர். இது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தின் வீற்றைத் தணித்துக்கொள்ளும். பின்னர்ச் சளிப்படலத்துள் புகுந்து குடியேறும். இது புகுந்தோருள் பலர் நோயின்றி வாழ்வர். சிலருக்குப் புண்ணும், மிகச் சிலருக்குப் புற்றுநோயும் தோன்றும்.

இரைப்பையில் வாழ்வது இஃது ஒன்று மட்டுமன்று. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருபத்து மூவரின் இரைப்பைகளில் 128 வகைப் பாக்டீரியாக்களின் மரபுப் பொருள் காணப்பட்டது. நோய்க் கிருமி மிகப் பெருகிய இரைப்பையில் அதுவே பெரும்பான்மையாகிவிட, ஏனையவை அருகிவிடும். வயலில் களை மிகுந்தால் பயிர் ஒடுங்குவதைப் போன்றது இது. கிருமி முற்றும் ஒழிந்தபின் ஏனைய நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மீண்டும் தழைக்கின்றன.

எனின், இக்களையை ஒழிப்பது எளிதன்று. அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாள் உண்ணல் வேண்டும். அவற்றுள் ஒன்றாகிய கிளாரித்ரோமைசின், பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்கவொட்டாமல் தடுக்கும். ஆனால், புரதம் ஆக்கும் உறுப்பில் மிகச் சிறியதொரு மாற்றம் நேர்ந்தாலும் அம்மருந்து அங்குப் பற்றாது. அத்தகைய கிருமி மடியாது தப்பும். அதன் வழித்தோன்றல்களும் தப்பும். இருமலுக்கோ தொண்டைப் புண்ணுக்கோ முன்னர் உண்ட அதே வகை மருந்தும் இவ்வாறு தப்பும் கிருமிகளைத் தேர்ந்து விட்டுச் சென்றிருத்தல் கூடும்.

ஒரே நோயாளியின் இரைப்பையில் மருந்துக்கு மடிவனவும் மடியாதனவும் கலந்து வாழ்தலும் உண்டு. ஆதலின், ஓரிடத்தில் எடுத்த துணுக்கு முழு உண்மையையும் காட்டாது போகலாம். அரைகுறையாக மருந்துண்டால் மெலியன மடியும். வலியன எஞ்சிப் பெருகும். மீண்டும் அதே மருந்தைக் கொடுப்பதால் பயன் விளைவது அரிது. உலக நல நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, புதிய மருந்து உடனே வேண்டப்படும் கிருமிகளின் பட்டியலில், கிளாரித்ரோமைசினுக்கு மடியாத இக்கிருமியும் இடம்பெற்றது.

மருந்து பயனளிக்காதபொழுது மருத்துவர் முன்னர் உண்ட மருந்துகளை வினவி அறிவர்; இயன்ற இடத்து, எம்மருந்துக்குக் கிருமி மடியும் எனச் சோதிப்பர்; பிஸ்மத் சேர்ந்த வேறு மருந்துக் கூட்டை அளிப்பர். மருந்து முடிந்து நான்கு வாரமேனும் கழிந்தபின், கிருமி ஒழிந்ததா என மறுபடியும் ஆராய்வர்.

களையெடுப்போன் வேரைப் பாதியில் அறுத்துவிட்டால் களை மீண்டும் தழைக்கும். கண்மூடி வெட்டினால் பயிரும் அழியும். மருந்தும் அத்தன்மையதே. வேண்டாதபொழுது அதனை உண்ணாமையும், வேண்டியபொழுது மருத்துவர் குறித்த நாள்வரை தவறாது உண்ணலும் உண்பவரை மட்டுமன்றி, இனி அம்மருந்தை நாடவிருக்கும் பிறரையும் காப்பனவாகும்.