விரல் மடங்கி நின்றால்…

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் இன்று வேளாண்மை வெட்டுக்குப் பெரும்பாலும் இயந்திரமே இறங்குகின்றது. ஆயினும் ஈரம் வற்றாத பள்ளங்களிலே தாக்கத்தியின் வேலை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. நாள் முழுவதும் அதன் பிடியை இறுகப் பற்றிய கையிலே, மறுநாட் காலை மோதிர விரலோ பெருவிரலோ மடங்கியபடியே நிற்கும். மற்றக் கையால் நிமிர்த்தினால், ‘டக்’கென்று துள்ளி விடுபடும். துப்பாக்கியின் விசையை இழுத்து விட்டாற்போன்ற இத்துள்ளலினாலேயே விசைவிரல் என்ற பெயர் வந்தது. இந்நோயை 1850ஆம் ஆண்டிலே விவரித்து எழுதியவர் நொட்டா என்னும் பிரெஞ்சு வைத்தியர்.

நம்மவர் பலர் இதைச் சுளுக்கென்று கருதி, எண்ணெய் பூசி விரலை வெடுக்கென இழுத்து விடுகின்றனர். பாவம், வலிதான் மிகும்! குற்றம் இருப்பது மூட்டிலன்று. விரலை மடக்கும் தசை முன்னங்கையில் உள்ளது. அங்கிருந்து உள்ளங்கை வழியாக விரலுக்கு ஒரு நாண் ஓடுகின்றது. தூண்டிற்கோலில் நூலைத் தாங்கும் வளையங்களைப் போல, அந்த நாணையும் சில வளையங்கள் எலும்போடு அணைத்து நிற்கின்றன. விரலடியிலுள்ள முதல் வளையம் தடித்து, நாணும் வீங்கிவிட்டால், வீங்கிய இடம் வளையத்திற் சிக்குகின்றது. நடுமூட்டில் வலித்தாலும், உள்ளங்கையில் விரலடியை அழுத்திப் பார்த்தால் நோவுடன் சிறு முடிச்சொன்று தட்டுப்படும்.

வயலில் இறங்காதவர்க்கும் இது வரும். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம். வாழ்நாளில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு வரக்கூடிய இந்நோய், நீரிழிவுள்ளோரில் நூற்றுக்குப் 10 பேர் வரை பற்றுகின்றது. ஆகவே விரலைக் காட்டச் செல்பவர் இரத்தத்திற் சீனியையும் பார்த்துக்கொள்வது நன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல விரல்கள் சிக்கினால் இதனைத் தள்ளிப்போடவே கூடாது.

தொடக்கத்தில் இறுகப் பற்றும் வேலைகளைச் சில வாரங்கள் குறைத்தலும், கத்திப்பிடிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்குதலும், இரவில் விரலை நிமிர்த்திவைக்கும் பட்டை அணிதலும் உதவும். காலையில் வெந்நீரிற் கையை அமிழ்த்தினால் விறைப்புத் தளரும். இவற்றிற்கு மசியாவிடின், வைத்தியர் நாணின் உறையருகே ஸ்டீரொயிட் ஊசி போடுவார். பாதிக்கு மேற்பட்டோர் இதனாலேயே குணமடைகின்றனர். நீரிழிவுள்ளவர்க்கோ பலன் சற்றுக் குறைவு. சில நாட்கள் சீனியும் ஏறும்.

அதற்கும் அடங்காதபோது சத்திரசிகிச்சை. பெயரைக் கேட்டே அஞ்சுவோர் உளர். கையை மட்டும் மரக்கச் செய்து, உள்ளங்கையில் சிறு கீறலிட்டு, அந்த முதல் வளையத்தை வெட்டி விடுகின்றனர். சில நிமிட வேலைதான். மற்ற வளையங்கள் நாணைத் தாங்கிக்கொள்ளும். அன்றே விரலை அசைக்கலாம். புண் ஆறும்வரை சேற்றில் மட்டும் கை வைக்கலாகாது. மாதக்கணக்காக மடங்கியே விட்ட விரலிலோ மூட்டும் இறுகிப்போவதால், வளையத்தை வெட்டிய பின்னும் அது முழுதாய் நிமிராதிருக்கக்கூடும்.

முள் தைத்தபின் விரல் முழுவதும் சிவந்து வீங்கி, நிமிர்த்தவே உயிர்போகும் வலி எடுத்தால் அது விசைவிரலன்று. நாணின் உறையிற் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.