கணினிக்குள் பூமி – 9: மழை விழுந்த இடம்

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையை மூழ்கடித்த மழை, வானிலைப் பதிவேட்டில் டிசம்பர் 2 என்ற தேதியில்தான் இருக்கிறது. தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ. பதிவில் பிழை ஏதும் இல்லை. நம் நாட்டில் மழைமானியை அளப்பது காலை எட்டரை மணிக்கு. முந்தைய நாள் எட்டரை முதல் அன்றைய எட்டரை வரை சேர்ந்த தண்ணீர், அளந்த நாளின் கணக்கில் ஏறும். வானிலைத் துறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது பழக்கமான விஷயம். கணினிக்கு மட்டும் தெரியாது. யாராவது அதற்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் மழைத் தரவுகளில் பல, நாளை உலக நேரப்படி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிக்கின்றன. நம் கடிகாரத்தில் அது காலை ஐந்தரையிலிருந்து மறுநாள் காலை ஐந்தரை. தேதியை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் அடுக்கினால், டிசம்பர் 1 என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு வேறு நாட்களின் மழை உட்கார்ந்துவிடும். வெள்ளத்தை ஆராய்கிறவருக்கு அந்த ஒரு நாள் பிசகு போதும், ஏரிக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்ற கணக்கு முழுவதும் தடம் புரள. ஆகவே வானிலைப் பதிவுகளுக்காக ஒரு புவியியல் தகவல் அமைப்பை வடிவமைக்க உட்காருகிறவர் முதலில் எழுதவேண்டியது ‘தேதி’ என்ற ஒரு கட்டத்தை அல்ல. அளவு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற இரண்டு நேரங்களை.

சென்ற வாரம் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் 1960-களில் நிலத்தைக் கணினிக்குள் கொண்டுபோன கதையைப் பார்த்தோம். அவர் கையில் எடுத்தவை காடு, விளைநிலம், மண்வகை போன்றவை. அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. வரப்பைச் சுற்றி நடந்துவருவதுபோல அந்த எல்லையைக் கோடாக்கிக் கணினிக்குள் வைத்துவிடலாம். மழைக்கு அப்படி எல்லை எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் அங்கங்கே நிற்கும் மானிகள் சொல்லும் எண்கள் மட்டுமே.

அந்த மானி எவ்வளவு சிறியது என்பதை நாம் பொதுவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் வாய் 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 16 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள் 2014-ல் வெளியிட்ட நாடு தழுவிய தினசரி மழைத் தரவுத் தொகுப்புக்கு 6,955 நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. 1901 முதல் 2010 வரை நீளும் தொகுப்பு அது. அத்தனை மானிகளின் வாயையும் ஒன்றாகச் சேர்த்தால் 139 சதுர மீட்டர் வருகிறது. இரண்டு பாட்மிண்டன் ஆடுகளங்களைவிடக் குறைவு. அந்த 6,955-ம் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவையும் அல்ல. கிட்டத்தட்ட 33 லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டின் மழையை இவ்வளவு பரப்பில் விழுந்த தண்ணீரைக் கொண்டுதான் சொல்கிறோம். மீதியெல்லாம் ஊகம். கணக்கோடு கூடிய, பொறுப்பான ஊகம், ஆனாலும் ஊகம்தான்.

இந்த ஊகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1911-ல் அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த ஆல்பிரட் தீசென் ஓர் எளிய வழியைச் சொன்னார்: ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கு மிக அருகிலுள்ள நிலையத்தின் மழையையே கொடுத்துவிடு. பென்சிலும் அடிக்கோலும் இருந்தால் போதும். நீர்ப்பாசனப் பொறியாளர்கள் நெடுங்காலம் அதைக் கொண்டே நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் சராசரி மழையைக் கணித்தார்கள். இதில் ஒரு குறை கண்ணுக்குத் தெரியும். இரண்டு நிலையங்களின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மழை சட்டென்று மாறிவிடும். வானத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது.

அடுத்த தாவல் ஹார்வர்டில் நடந்தது. கட்டடக் கலைஞர் ஹோவர்டு ஃபிஷர் அங்கே தொடங்கிய கணினி வரைகலை ஆய்வகத்தில் சைமேப் என்றொரு மென்பொருள் இருந்தது. எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, அந்தக் கருமையைக் கொண்டே வரைபடம் போடும் மென்பொருள். அதன் கணக்கீட்டுப் பகுதியைத் திருத்தி எழுதியவர் டொனால்ட் ஷெப்பர்டு என்ற இளநிலை மாணவர். 1968-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. அருகிலுள்ள நிலையத்துக்கு அதிக மதிப்பு, தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பு; தூரம் இரு மடங்கானால் மதிப்பு நாலில் ஒன்றாகிவிடும். ஒரே திசையில் நெருக்கமாக நிற்கும் நிலையங்கள் கணக்கைத் தம் பக்கம் இழுத்துவிடாதபடி திசையையும் அவர் சேர்த்துக்கொண்டார். நான் மேலே சொன்ன இந்தியத் தொகுப்பு உருவானதும் ஷெப்பர்டு முறையை ஒட்டித்தான். ஒரு கல்லூரி மாணவரின் கணக்கு, பிறகு நம் நூறாண்டு மழையை வரைபடத்தின் சிறு கட்டங்களில் நிரப்பியிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்தக் கட்டங்களின் அளவு கால் பாகை. சென்னைப் பக்கம் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதே டிசம்பர் 2 காலையில் தாம்பரத்தின் மானி 49 செ.மீ. காட்டியபோது நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ. இரண்டுக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்தான், ஒரு கட்டத்தின் அகலத்தைவிடக் குறைவு. நாடு தழுவிய பருவமழைப் போக்கை அறிய அந்தத் தொகுப்பு அரும்பெரும் கருவி. ஒரு நகரத்தின் எந்தத் தெரு மூழ்கும் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

மலை குறுக்கே வந்தால் சிக்கல் இன்னும் கூடும். தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாற்றில் கொட்டித் தீர்க்கும். மலையிறங்கி வந்தால் கோவைச் சமவெளி காய்ந்து கிடக்கும். தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு இந்த இரண்டையும் அண்டை வீட்டுக்காரர்களாக எண்ணிச் சராசரி போட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் கணக்குக்குள் இருக்க வேண்டுமானால், உயரமும் மலைச்சரிவின் திசையும் அமைப்புக்குள் தனி அடுக்காக இருந்தாக வேண்டும்.

இனி நிலையம். பழைய பதிவேடுகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, கலை வரையில்தான் எழுதப்பட்டிருக்கும். ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, தரையில் சுமார் 1.85 கிலோமீட்டர். கடலோரத்து நிலையத்தைக் கணினி கடலுக்குள் நட்டுவிட அதுவே போதும். இதைவிட ஆபத்தானது ஒரு புள்ளி. 13 பாகை 30 கலை என்பதை 13.30 என்று எழுதும் பழக்கம் உண்டு. தட்டச்சு செய்பவர் அதைத் தசமமாக எடுத்துக்கொண்டால், 13.5 ஆக இருக்க வேண்டியது 13.3 ஆகி, நிலையம் 22 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். வரைபடம் எந்த எச்சரிக்கையும் தராது. போதாததற்கு, இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற கணக்கின் அடிப்படையிலும் இன்றைய ஜி.பி.எஸ். வேறொரு கணக்கின் அடிப்படையிலும் அமைந்தவை. ஒரே எண்ணை இரண்டிலும் குறித்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

நிலையங்கள் இடமும் மாறுகின்றன. மாறாத இடத்திலும் சூழல் மாறுகிறது. மானிக்குப் பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப்போல இரு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பத்தாண்டுகளில் மரம் வளர்ந்துவிடுகிறது, பக்கத்து மனையில் மாடி எழும்பிவிடுகிறது. மழை குறைந்துவிட்டதாகப் பதிவேடு காட்டும். காரணம் காலநிலையா மாடியா என்று பிரித்துச் சொல்ல, நிலையத்தின் வரலாறு தேதியோடு அமைப்புக்குள் இருக்க வேண்டும். அதனால் நிலையத்தின் பெயரும் அதன் இடமும் ஒரே வரிசையில் எழுதப்படக் கூடாது. பெயர் ஓரிடத்தில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எங்கே, எந்தக் கருவியோடு இருந்தது என்பது தனியாக. திருத்தம் செய்தால் திருத்திய எண்ணும் பழைய எண்ணும் இரண்டும் நிற்க வேண்டும். மழை பெய்யாத நாளின் பூஜ்யமும் அளக்காத நாளின் வெற்றிடமும் ஒன்றாகிவிடக் கூடாது. விடுமுறையில் அளக்காமல் போன நாட்களைப் பூஜ்யமாக நிரப்பினால் இல்லாத வறட்சி ஒன்று உருவாகும்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் பயிர்க் காப்பீட்டைக் காட்டுவேன். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில், விவசாயியின் வயலில் என்ன பெய்தது என்று யாரும் போய் அளப்பதில்லை. அந்தப் பகுதிக்கென்று குறித்த வானிலை நிலையம் என்ன சொல்கிறதோ அதுவே அவருடைய மழை. நிலையத்தில் பெய்து வயலில் பெய்யாமல் போனால், பயிர் கருகியும் இழப்பீடு வராது. அந்த மனிதருக்கு முன்னால் வைக்கப்படும் வரைபடத்தில் ஊகமும் அளவும் ஒரே நீல நிறத்தில் கலந்திருப்பது அநியாயம். உண்மையில் அளந்த இடங்கள் புள்ளியாகத் தெரிய வேண்டும். அவற்றிலிருந்து விலக விலக நிறம் வெளிறி, தன் கிராமத்துக்கும் அருகிலுள்ள மானிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பதை அவரே படித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இதைச் செய்யப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தூரம் ஏற்கெனவே ஷெப்பர்டின் கணக்குக்குள் இருக்கிறது. அதை எடுத்து வெளியே எழுதினால் போதும்.

(தொடரும்)