ஏட்டில் எழுந்த போர்க்குரல்

நுழையும்முன்

தாம் பட்ட துன்பம் பிறர்க்கு நேரலாகாது என்று எழுந்தவர்கள் மேடையையும் ஏட்டையும் ஒருங்கே பயன்படுத்தியுள்ளனர். காவிரிக் கரையில் அவ்வாறு ஒலித்த ஒரு பெண்குரலை அறிவோம்.

தஞ்சை வளநாடு நெல்லுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்றது. அக்கோயில்களைச் சார்ந்து ஆடலும் பாடலும் வளர்ந்தன. அக்கலைகளைப் பேணிய பெண்களோ பொட்டுக்கட்டப்பெற்று, மணவாழ்வு மறுக்கப்பட்டு, நாளடைவில் செல்வர்களின் விருப்பத்திற்கு ஆட்பட நேர்ந்தது.

1883இல் திருவாரூரில் பிறந்த இராமாமிர்தம் அம்மையாரும் இம்முறையில் சிக்கினார். குடும்பத்தை வறுமை வாட்டியதால், சிறுமியாக இருந்தபோதே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்டார். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்து இசையும் நடனமும் பயின்றார். எனினும், பிறர் வகுத்த வாழ்வை ஏற்க மறுத்துத் தம் ஆசிரியர் சுயம்பு பிள்ளையை மணந்தார். பின்னர், தம்மைப் போன்ற பெண்களை மீட்க ஊர்தோறும் சென்று பேசினார். காங்கிரசில் தொண்டாற்றிய அவர், பெரியாரின் வழியில் சுயமரியாதை இயக்கத்திற்கு வந்தார்.

மேடைப்பேச்சு எட்டாத வீடுகளுக்குள்ளும் தம் கருத்துச் செல்ல வேண்டும் என விழைந்த அம்மையார், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 'மைனர்' என்பது, முன்னோர் சொத்தில் உல்லாசமாகத் திரிந்த செல்வந்த இளைஞரைக் குறிக்கும் வழக்குச்சொல். அத்தகையோரின் செல்வம் கரைவதையும், அவர்தம் மனைவியர் படும் துயரையும், தாசிமுறையைத் துறந்த பெண்கள் பிறரை மீட்க முனைவதையும் புதினம் காட்டுகிறது. உள்ளிருந்து கண்டவர் எழுதியமையே இதன் வலிமை.

இத்தகைய எழுத்தாளரைப் பிறநாட்டிலும் காணலாம். இத்தாலியின் ரெனாட்டா விகனோ (1900–1976), பாசிசத்தை எதிர்த்த மறைமுகப் படையில் பணியாற்றியவர். போ ஆற்றின் கழிமுகச் சதுப்புநிலத்தில் நிகழ்ந்த அப்போராட்டத்தை, அக்னேசே என்னும் சலவைத் தொழிலாளியை நாயகியாக்கி 1949இல் புதினமாக்கினார். இருவரும் தாம் வாழ்ந்து கண்டதையே எழுதினர்.

புதினத்தோடு அம்மையாரின் போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் பங்கேற்றார். அப்போது அவர்தம் அகவை ஐம்பத்தைந்து. அவ்வாண்டிலேயே சிறைவாசமும் ஏற்றார்.

சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி எழுப்பிய குரலும் மக்களிடையே அம்மையார் எழுப்பிய குரலும் ஒரே இலக்கை நோக்கியவை. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தம் இளமையைப் பறித்த வழக்கம் சட்டப்படி ஒழிந்ததைக் கண்ட அம்மையார், 1962இல் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

1989இல் தமிழக அரசு தொடங்கிய ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரைத் தாங்கியது. 2022 முதல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமியின் பெயர், இன்று பல பெண்களின் கல்விக்குத் துணைநிற்கிறது.